கட்டிங் மெஷினிலிருந்து தொடங்குங்கள்: கொழும்பில் சிறிய அச்சகத்துக்கு இயந்திரம் தெரிவு செய்வது

மறைந்த ஒருவரின் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு (அவர் நினைவாகக் கொடுக்கும் சிறு புத்தகம்) அடிக்க ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ5 அளவு, உள்ளே 32 பக்கம், கலர் அட்டை, 300 பிரதி. கையில் நான்கு நாள்தான் இருக்கிறது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் படங்களும் இரங்கல் குறிப்புகளும் வாட்ஸ்அப்பில் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

இந்த வேலைக்குத் தாள் கணக்குப் போடுவோம். எஸ்ஆர்ஏ3 தாள் 320×450 மில்லிமீற்றர். அதன் ஒரு பக்கத்தில் ஏ5 பக்கங்கள் நான்கு பிடிக்கும். இரு பக்கமும் சேர்த்து எட்டு. 32 பக்கத்துக்கு நான்கு தாள், 300 பிரதிக்கு 1200 தாள். இரு பக்கமும் அடிப்பதால் 2400 பிரிண்ட். அட்டை ஒரு தாளுக்கு இரண்டு வீதம் 150 தாள். நூற்றுக்கு ஐந்து கழிவு சேர்த்தால் உள்தாள் 1260, அட்டை 160. நிமிடத்துக்கு 70 ஏ4 என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் டிஜிட்டல் மெஷின் எஸ்ஆர்ஏ3 தாளில் அதில் பாதி வேகத்தில்தான் ஓடும், ஏறக்குறைய 35. ஆகவே உள்பக்கங்களுக்கு 70 நிமிடம். தடித்த அட்டையில் வேகம் இன்னும் குறையும், அதற்கு ஒரு பத்து நிமிடம். மொத்தம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அச்சு முடிந்துவிடும்.

அதன் பிறகுதான் வேலையே. தாள்களை இரண்டாக வெட்டி, எட்டு விரிதாளையும் (மடிக்குமுன் உள்ள ஏ4 தாள்) ஓர் அட்டையையும் ஒழுங்காக அடுக்கி, மடித்து, இரண்டு பின் அடித்து, மூன்று பக்கமும் வெட்ட வேண்டும். கையால் செய்தால் ஒரு பிரதிக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 300 பிரதிக்குப் பத்து மணித்தியாலம். அச்சிட ஒன்றரை, கட்ட பத்து! புதிதாக அச்சகம் தொடங்குபவர்களில் பெரும்பாலானோர் முழுக் காசையும் அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கே கொட்டிவிடுகிறார்கள். மிச்சப் பத்து மணித்தியாலத்துக்கு ஒரு கத்தரிக்கோலும் ஸ்டேப்ளரும்தான் மிஞ்சுகின்றன. அப்படி நடக்காமல் காப்பதற்குத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: வேலைகளை எழுதுங்கள்

ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு கொப்பியில் உங்களுக்கு வரக்கூடிய வேலைகளை எழுதுங்கள். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ கடை போட்டால் வருவது பெரும்பாலும் திருமண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அட்டை, கல்வெட்டு, கோயில் விஞ்ஞாபனம், கும்பாபிஷேக மலர், டியூஷன் வகுப்பு டியூட் (மாணவருக்குக் கொடுக்கும் பாடக்குறிப்புத் தாள்), பில் புக், விசிட்டிங் கார்ட், ஸ்டிக்கர். ஒவ்வொன்றுக்கும் நேரே நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: வெட்டி முடிந்தபின் வரும் அளவு, தாளின் தடிப்பு, வழமையான பிரதித் தொகை, அச்சுக்குப் பிறகு செய்ய வேண்டியது. இந்த நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பத்து வேலையில் எட்டுக்கு வெட்டும் வேலை இருக்கும், ஐந்துக்கு மடிப்பு இருக்கும், மூன்று நான்குக்கு லெமினேஷன் இருக்கும். எந்தெந்த இயந்திரம் தேவை என்பதை அந்த நான்காவது குறிப்பே சொல்லிவிடும்.

பருவத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆடிவேல் காலம், தை, ஆவணி முகூர்த்தங்கள், டிசம்பர் நாட்காட்டி, பரீட்சைக்கு முந்திய மாதங்கள். வேலை குறைந்த மாதமும் வரும். அந்த மாதமும் லீசிங் கட்டத்தான் வேண்டும்.

படி 2: எதை நீங்களே அடிப்பது, எதை வெளியே கொடுப்பது

முதல் மெஷினாக ஒப்செட் (பிளேட் செய்து மையால் அடிக்கும் மெஷின்) வாங்காதீர்கள். ஹைடல்பெர்க் ஜீடிஓ 52 போன்ற பழைய மெஷின்கள் நல்லவைதான். 36×52 சென்ரிமீற்றர் தாள் ஓடும், சரியாகப் பராமரித்தால் பல பத்தாண்டு உழைக்கும். ஆனால் ஒற்றைக் கலர் மெஷினில் முழுக் கலர் வேலைக்குத் தாள் நான்கு தடவை ஓட வேண்டும், ஒவ்வொரு தடவையும் நிறம் நிறத்தின் மேல் சரியாக உட்கார வேண்டும். மையையும் தண்ணீரையும் சமன் செய்யத் தெரிந்த மெஷின்மைண்டர் இல்லாமல் அது நடக்காது. அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். கொட்டாஞ்சேனை, மருதானை, புறக்கோட்டைப் பக்கம் ஒப்செட் அச்சகங்கள் நெருக்கமாக இருக்கின்றன. பிரதி அதிகமான வேலையை அங்கே கொடுத்து வாங்கி, வெட்டிக் கட்டிக் கொடுப்பதே தொடக்கத்தில் லாபம்.

எத்தனை தாளுக்கு மேல் வெளியே கொடுப்பது? ஒப்செட்டில் பிளேட், மெஷின் ஒழுங்குபடுத்தும் கூலி, ஒழுங்குபடுத்தும்போது வீணாகும் தாள் ஆகியவற்றைக் கூட்டுங்கள். அதை, டிஜிட்டலில் ஒரு தாளுக்கு ஆகும் செலவுக்கும் ஒப்செட்டில் ஒரு தாள் ஓட ஆகும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தால் பிரியுங்கள். கணக்கு விளங்குவதற்காக மட்டும்: முன்செலவு 18,000 ரூபா, டிஜிட்டல் தாளுக்கு 50, ஒப்செட் தாளுக்கு 14 என்றால், 18,000ஐ 36ஆல் பிரிக்க 500. அதாவது 500 தாளுக்குக் கீழே டிஜிட்டல், அதற்கு மேலே ஒப்செட். உங்கள் ஏரியாவில் கேட்ட விலைகளைப் போட்டு இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி எழுதுங்கள். பிரதிக் கணக்கில் எண்ணாமல் தாள் கணக்கில் எண்ணுங்கள். ஒரு எஸ்ஆர்ஏ3 தாளில் விசிட்டிங் கார்ட் 20க்கு மேல் பிடிக்கும், ஆகவே 1000 கார்ட் என்பது 50 தாள்கூட இல்லை.

டியூட் வேலை நிறைய வருமானால் கதை வேறு. ஒரே நிறத்தில், ஒரு பக்கம் நூறு இருநூறு பிரதி வீதம் அடிக்க ரீசோ டுப்ளிகேட்டர் போல மலிவானது எதுவும் இல்லை. மாஸ்டர் (துளையிட்ட அச்சுத் தாள்) ஒன்றைச் செய்தபின் நிமிடத்துக்கு நூறுக்கு மேல் ஓடும், சூடாக்கி இல்லாததால் கரண்ட் செலவு சொற்பம். ஆர்ட் பேப்பரில் (வழுவழுப்பான பூச்சுத் தாள்) மட்டும் அடிக்கக் கூடாது. ரீசோ மை தாளுக்குள் ஊறித்தான் காயும். பூச்சுத் தாளில் ஊற வழியில்லாமல் கையில் ஒட்டிக்கொண்டு வரும்.

மிச்சத்துக்கு எஸ்ஆர்ஏ3 அல்லது 13×19 அங்குலம் ஓடும் டொனர் (மைத்தூள்) மெஷின். அலுவலகக் கொப்பி மெஷினுக்கும் இதற்கும் தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அலுவலக மெஷின் 300 ஜீஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் எடை கிராமில்) ஓடும் என்று சொல்லப்பட்டாலும், பெரும்பாலும் கைத்தட்டில் சில தாள்தான், அதுவும் ஒரு பக்கம் மட்டும் என்று சிறிய எழுத்தில் இருக்கும். கேட்க வேண்டியது இப்படி: “300 ஜீஎஸ்எம் ஆர்ட் போட், சாதாரண ட்ரேயிலிருந்து, தானாக இரு பக்கமும், நிமிடத்துக்கு எத்தனை?” பதில் சுற்றிவளைத்து வந்தால் அது அலுவலக மெஷின்.

படி 3: வெட்டும் மெஷின், கிரீசிங், லெமினேட்டிங்

காசு அளவோடு இருந்தால் முதல் ஆறு மாதம் பிரிண்டை வேறு டிஜிட்டல் கடையில் வாங்கி, இந்த மூன்றையும் மட்டும் வைத்துத் தொழில் நடத்தலாம். எங்கள் ஆலோசனையும் அதுவே. வேலை எவ்வளவு வருகிறது என்பது அந்த ஆறு மாதத்தில் தெரிந்துவிடும், மெஷின் எடுக்கும்போது பேரம் பேசக் கையில் கணக்கு இருக்கும்.

எஸ்ஆர்ஏ3 தாளின் நீளப் பக்கம் 450 மில்லிமீற்றர், 13×19 தாளில் 483. எனவே 43 சென்ரிமீற்றர் கைப்பிடி கட்டர் போதாது. வெட்டு அகலம் குறைந்தது 49 சென்ரிமீற்றர் வேண்டும். வாங்குமுன் இப்படிப் பரீட்சியுங்கள்: 80 ஜீஎஸ்எம் தாளை ஐந்து சென்ரிமீற்றர் உயரத்துக்கு அடுக்கி ஒரே வெட்டு வெட்டுங்கள். மேல் தாளையும் அடித் தாளையும் எடுத்து முதுகோடு முதுகாக வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கிளாம்ப் (தாள் கட்டை அழுத்திப் பிடிக்கும் பகுதி) சரியாக அழுத்தவில்லை, அல்லது கத்தி மழுங்கியிருக்கிறது. கத்தியைத் தீட்டலாம், கிளாம்ப் கோளாறு என்றால் விலையைக் குறைத்தாலும் வேண்டாம். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்க வேண்டும். அந்தப் பாதுகாப்பை யாராவது வயர் போட்டு நேரடியாக்கியிருந்தால் அந்த மெஷினைத் தொடவே தொடாதீர்கள். விரல் போனால் வராது. எப்போதும் இரண்டு கத்தி வைத்திருங்கள், ஒன்று தீட்டப் போயிருக்கும்போது மற்றது ஓடும்.

டொனர் அச்சுத் தாளின் மேல்தான் படிந்திருக்கிறது, ஒப்செட் மை போலத் தாளுக்குள் இறங்குவதில்லை. அதனால் மடித்தால் வெடிக்கும். அரக்கு நிறத்தில் முழுக்க அடித்த கலியாண அட்டையைக் கிரீஸ் (மடிக்குமுன் அழுத்திப் போடும் மடிப்புக் கோடு) போடாமல் மடித்துப் பாருங்கள், மடிப்பு நெடுக வெள்ளைக் கோடு தெரியும். 170 ஜீஎஸ்எம்முக்கு மேல் கிரீஸ் கட்டாயம். கடும் நிறம் மடிப்பில் வருமானால் 150க்கும் போடுங்கள். கிரீஸில் மேடாக எழும் பக்கம் மடிப்பின் உள்ளே வர வேண்டும். பலர் இதைத் தலைகீழாக மடித்துவிட்டு மெஷினைக் குறை சொல்கிறார்கள்.

லெமினேட்டிங்கில் கொழும்பின் ஈரம் விளையாடும். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் படலம் ஒட்டினால் மறுபக்கம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும், படலம் விரியாது. அதனால் புத்தக அட்டை படலப் பக்கமாகச் சுருண்டு வாய் திறந்து நிற்கும். படலத்தின் இழுவையையும் சூட்டையும் வேலை நடக்கும் அளவுக்குக் குறைத்து வையுங்கள், அட்டையை 300 ஜீஎஸ்எம்முக்கு உயர்த்துங்கள், தாளின் இழை (நார் ஓடும் திசை) முதுகுக்குச் சமாந்தரமாக இருக்கும்படி பாருங்கள். டொனரின் மேல் சாதாரணப் படலம் சில நேரம் ஒட்டாது. டிஜிட்டல் பிரிண்டுக்கென்று பசை கூடிய படலம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ஒட்டி 24 மணித்தியாலம் கழித்துக் குறுக்காகக் கீறி, செலோடேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். படலம் உரிந்து வராவிட்டால் பாஸ்.

மடித்துப் பின் அடிக்கும் புக்லெட் மேக்கரை அச்சு மெஷினோடு பொருத்தித் தருவதாகச் சொல்வார்கள். தனியாக வாங்குங்கள். பொருத்திய ஃபினிஷரில் ஒரு பின் சிக்கினால் அச்சும் நின்றுவிடும்.

படி 4: அறை, கரண்ட், ஈரம்

டொனர் மெஷின் ஓடும் அறை 20 முதல் 25 பாகை சூட்டிலும், சார்பு ஈரப்பதன் 40 முதல் 60 வீதத்திலும் இருப்பது நல்லது. கொழும்பில் வெளியே ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதியில் இதைவிடக் கூடவே இருக்கும். ஈரத் தாளில் என்ன நடக்கிறது தெரியுமா? டொனரைத் தாளுக்கு இழுப்பது மின்னேற்றம். ஈரம் ஏறிய தாள் அந்த மின்னேற்றத்தைக் கசிய விட்டுவிடும். அதனால் ஒரே சீராக வர வேண்டிய நீலம் மேகம் மேகமாக வரும். பிறகு அந்தத் தாள் ஃபியூசர் (டொனரைத் தாளில் உருக்கி ஒட்டும் பாகம்) சூட்டுக்குள் போகும்போது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகும். சாதாரணத் தாள் சுருளும். இரு பக்கமும் பூசிய தடித்த ஆர்ட் போட்டில் ஆவி வெளியேற வழியில்லாமல் சின்னச் சின்னக் கொப்புளம் எழும். இதற்காக மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பயனில்லை, அறையைச் சரிசெய்ய வேண்டும்.

ஓர் ஈரமானி வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், மெஷினுக்குக் கிட்ட, ஏசிக்கு நேரே அல்ல. இரவில் ஏசியை நிறுத்திவிட்டுப் போனால் விடியற்காலையில் ஈரம் மறுபடி ஏறியிருக்கும். காலையில் வேலைக்கு ஒரு மணித்தியாலம் முன்பே ஏசி போடுங்கள், முடிந்தால் சிறிய ஈரநீக்கி ஒன்றை இரவு முழுக்க ஓட விடுங்கள். ட்ரேயில் தாளை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மாலையில் எடுத்துப் பொதியில் வைத்துப் பொலித்தீனால் மூடுங்கள். மெஷின் ட்ரேக்களுக்கு ஹீட்டர் பூட்டலாமா என்றும் கேளுங்கள், பல மாதிரிகளுக்கு உண்டு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் காலி வீதிக்குக் கடல் பக்கம் கடை என்றால் உப்புக் காற்றும் சேரும். ஜன்னல் திறந்திருக்கும் அறையில் கனெக்டர்களும் கொரோனா வயரும் (மின்னேற்றம் கொடுக்கும் கம்பி) சீக்கிரம் அரித்துப்போகும்.

கரண்ட் கணக்கைக் கடை எடுக்குமுன் போடுங்கள். வீட்டுக்கும் சிறிய கடைக்கும் வழமையாக இருக்கும் 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு 230 வோல்ட்டில் 6.9 கிலோவோல்ட் அம்பியர்தான் தரும். அச்சு மெஷினுக்கு 16 முதல் 20 அம்பியர் தனி லைன் வேண்டும், அதுவே 4 கிலோவாட் அளவுக்கு வரும். 18,000 பீடியூ ஏசி, லெமினேட்டர், கட்டர், கணினிகள் சேர்ந்தால் தாண்டிவிடும். மூன்று கட்ட 30 அம்பியர் இணைப்பு எடுத்தால் 20.7 கிலோவோல்ட் அம்பியர் கிடைக்கும். இணைப்புக்கு உங்கள் பகுதிக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். நாளாகும் வேலை, ஆகவே மெஷினுக்கு முற்பணம் கட்டுமுன் தொடங்குங்கள். மெஷினை யூபிஎஸ்ஸில் போடாதீர்கள். ஃபியூசர் ஹீட்டர் திடீரென்று இழுக்கும் அம்பியரைச் சாதாரண யூபிஎஸ் தாங்காது. மெஷினுக்கு வோல்டேஜ் ஸ்டெபிலைசர், அதை இயக்கும் கணினிக்கு மட்டும் யூபிஎஸ். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மெஷினென்றால் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ஜப்பான் மாதிரிகளில் 100 அல்லது 200 வோல்ட், அமெரிக்க மாதிரிகளில் 208 வோல்ட் என்று இருக்கலாம்.

எடை, கதவு, படி. அச்சு மெஷின் மட்டுமே 300 கிலோவைத் தாண்டலாம், பெரிய கட்டர் ஒரு தொன் அளவில் வரும். புறக்கோட்டையின் பழைய கட்டடங்களில் மேல்மாடிப் பலகைத் தளத்தை நம்பி ஏற்றாதீர்கள். கீழ்த்தளம் என்றால் வெள்ளத்தைக் கேளுங்கள். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை அயலவர் சுவரில் காட்டுவார்கள். தாளை எப்படியும் தரையில் வைக்கக் கூடாது, பலகைப் பலெட்டின் மேல்தான்.

படி 5: தாள் எப்படி வெட்டப்படுகிறது என்று பாருங்கள்

மெஷின் ஓடும் அளவும் கடையில் கிடைக்கும் தாள் அளவும் பொருந்த வேண்டும். 25×36 அங்குலத் தாளில் 12×18 அங்குலத் துண்டுகள் நான்கு கிடைக்கும், கழிவு ஓர் அங்குலப் பட்டி மட்டும். அதே தாளில் 13×19 வெட்டப் பார்த்தால் நான்கு வராது, 26×38 வேண்டும். ஆகவே 13×19 ஓடும் மெஷின் வாங்கினாலும் அன்றாடம் ஓடப்போவது 12×18 ஆக இருக்கலாம். அதற்கேற்ப விலை பேசுங்கள்.

இழையையும் பாருங்கள். தாளில் ஒரு பட்டி கிழித்தால் இழைப் போக்கில் நேராகக் கிழியும், குறுக்கே கோணலாகக் கிழியும். மடிப்பு எப்போதும் இழைக்குச் சமாந்தரமாக வர வேண்டும். மேலே சொன்ன ஏ5 கல்வெட்டுக்கு ஏ4 விரிதாள் இரண்டை எஸ்ஆர்ஏ3இல் வைக்கும்போது மடிப்பு 450 மில்லிமீற்றர் பக்கத்துக்குச் சமாந்தரமாக விழும்; நீள இழைத் தாள் சரி. ஏ4 அளவு பாடசாலைச் சஞ்சிகை என்றால் மடிப்பு 320 பக்கத்துக்குச் சமாந்தரம்; அதற்குக் குறுக்கு இழைத் தாள் கேட்க வேண்டும். இதைச் சொல்லாமல் வாங்கினால் அட்டை மடிப்பில் நார் நாராகப் பிளக்கும்.

டிஜிட்டல் மெஷினுக்குப் போகும் தாளை மழுங்கிய கத்தியால் வெட்டக் கூடாது. வெட்டு விளிம்பில் ஒட்டியிருக்கும் தூள் ரோலரிலும் டிரம்மிலும் (படம் உருவாகும் உருளை) போய்ச் சேரும். வெட்டிய கட்டை விசிறி, விளிம்பைத் துணியால் துடைத்துப் போடுங்கள். பில் புக்குக்கு என்சிஆர் தாள் (கார்பன் இல்லாமலே நகல் விழும் தாள்) என்றால் லேசர் மெஷினுக்கென்று செய்ததை மட்டும் வாங்குங்கள். சாதாரண என்சிஆரின் நுண் மைக்குமிழ்கள் ஃபியூசர் அழுத்தத்தில் உடைந்து மெஷினுக்குள் படியும். பீவீசீ ஸ்டிக்கர் சூட்டில் உருகி ஃபியூசரில் சுற்றிக்கொள்ளும். அப்படி ஒரு தாள் ஒரு ஃபியூசரையே முடித்துவிடும், அதன் விலை ஒரு மாத லாபத்தைவிடக் கூட.

கையிருப்பையும் திட்டமிடுங்கள். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அதிகம் ஓடும் இரண்டு தாளில் ஒரு மாதத் தேவை, மற்றவற்றில் ஒரு வாரத் தேவை என்று வைத்துக்கொண்டால் காசும் முடங்காது, வேலையும் நிற்காது.

படி 6: மெஷினைப் பரீட்சிக்கும் நாள்

ஷோரூமில் காட்டும் பூப்படமும் பழக்கூடையும் எந்த மெஷினிலும் அழகாகத்தான் வரும். உங்கள் தாளையும் உங்கள் ஃபைலையும் கொண்டு போங்கள்.

ஃபைலில் இருக்க வேண்டியவை: முழுப் பக்கத்துக்கு 30 வீதச் சாம்பல், இன்னொரு பக்கம் 50 வீத நீலம், ஒரு குடும்பப் படம், கறுப்புப் பின்னணியில் 6 புள்ளியளவில் வெள்ளை எழுத்தாகத் தமிழும் சிங்களமும், நான்கு மூலையிலும் குறுக்குக் கோடு முன்னும் பின்னும், முழு அரக்கு நிறத் தாள் ஒன்று. தமிழ் எழுத்துக்கு ஒரு தனிப் பரீட்சை வேண்டும். வாடிக்கையாளர் பாமினியில் (யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு) அடித்த பழைய ஃபைலும் கொண்டு வருவார், யூனிகோடில் அடித்ததும் கொண்டு வருவார். இரண்டையும் எழுத்துருவை உள்ளே பதித்த பீடிஎஃப்பாகக் கொடுத்து அடியுங்கள். ‘கொ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ கலைந்து வந்தால் மெஷினின் பிரிண்ட் கொன்ட்ரோலரில் (ஃபைலை அச்சுக்கு மாற்றும் கணினிப் பகுதி) கோளாறா, பீடிஎஃப் செய்த விதத்தில் கோளாறா என்று அங்கேயே கண்டுபிடியுங்கள். எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிய இன்னொரு பிரதியும் கையில் இருந்தால், அது சரியாக வந்து மற்றது பிழைத்தால் காரணம் எழுத்துரு என்று தெரிந்துவிடும்.

இப்போது 300 ஜீஎஸ்எம்மில் 200 தாள், நிறுத்தாமல், இரு பக்கமும். முதல் தாள், நூறாவது, இருநூறாவது மூன்றையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் மெல்ல நகர்ந்திருந்தால் நீண்ட வேலையில் தொல்லை. முன் பின் குறுக்குக் கோடுகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒரு மில்லிமீற்றருக்குள் இருந்தால் விசிட்டிங் கார்டுக்குப் போதும். ஒன்றரைக்கு மேல் போனால், அதுவும் தாளுக்குத் தாள் மாறினால், வேண்டாம்.

சாம்பல் பக்கத்தில் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒரு புள்ளியோ கோடோ வருகிறதா? இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து 3.14ஆல் பிரியுங்கள். வருவது பழுதான உருளையின் விட்டம். 188 மில்லிமீற்றருக்கு ஒரு தடவை என்றால் 60 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏதோ ஒன்று. அந்த மெஷினில் அந்த அளவு டிரம்மா ஃபியூசரா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். விற்பவர் “சுத்தம் செய்தால் போய்விடும்” என்று சொல்வதற்கும், எந்த உருளையை மாற்ற வேண்டும் என்று நீங்கள் சுட்டிக் கேட்பதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

ரீகண்டிஷன் (திருத்தி விற்கும் பழைய) மெஷின் என்றால் சேர்விஸ் மோடிலிருந்து கவுண்டர் (எத்தனை பக்கம் ஓடியது என்ற கணக்கு) அறிக்கையை அச்சிட்டு வாங்குங்கள். மொத்தக் கவுண்டரைவிட டிரம், டெவலப்பர், டிரான்ஸ்ஃபர் பெல்ட், ஃபியூசர் ஒவ்வொன்றும் தன் ஆயுளில் எத்தனை வீதம் ஓடியிருக்கிறது என்பது முக்கியம். 90 வீதத்தில் நிற்கும் பாகங்களின் விலையைக் கூட்டி மெஷின் விலையோடு சேருங்கள். பல நேரம் அந்தக் கூட்டுத்தொகை மெஷினின் விலையையே நெருங்கும். பிரிண்ட் கொன்ட்ரோலர் இல்லாமல் வெறும் கொப்பி மெஷினாக வந்ததா என்பதையும் பாருங்கள். பிறகு தனியாகத் தேடினால் கிடைப்பதே கஷ்டம்.

படி 7: கவுண்டர் ஒப்பந்தம்

டொனர் போத்தலில் எழுதியிருக்கும் பக்கக் கணக்கு வழமையாக ஒரு நிறத்துக்கு 5 வீதப் பரப்பை வைத்துச் சொல்வது. கல்வெட்டு அட்டையும் கலியாண அட்டையும் பக்கம் முழுக்க நிறம் நிறைந்தவை. நீங்களே டொனர் வாங்கி ஓட்டினால் அந்தக் கணக்கில் பத்தில் ஒன்றுகூட வராமல் போகலாம். இப்படி முழு நிற வேலை அதிகமென்றால் பிரிண்டுக்கு இவ்வளவு என்று டொனரும் பாகங்களும் சேர்த்துத் தரும் ஒப்பந்தம்தான் பாதுகாப்பு. டியூட், கடிதத்தாள் போன்ற மெல்லிய எழுத்து வேலை மட்டும் என்றால் தனியாக டொனர் வாங்குவது மலியும்.

கையெழுத்து வைக்குமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. எஸ்ஆர்ஏ3 ஒரு பக்கத்தைக் கவுண்டர் ஒன்றாக எண்ணுமா, இரண்டாக எண்ணுமா? இதுதான் முதல் கேள்வி. விலைச் சீட்டில் மலிவாகத் தெரியும் தொகை இரட்டைக் கணக்கில் கூடிவிடும். மெஷினே கெடுத்த தாளுக்கும் கணக்கா? மாதக் குறைந்தபட்சம் எத்தனை, அடிக்காத மாதத்து மிச்சம் அடுத்த மாதத்துக்கு வருமா? விலை ரூபாவிலா, டொலர் ஏறினால் ஏறுமா? வற் வரி 18 வீதம் உள்ளடங்கியதா? மெக்கானிக் எத்தனை மணித்தியாலத்தில் வருவார், சனி ஞாயிறு வருவாரா? கல்வெட்டு வேலை ஞாயிறு பார்த்து நிற்பதில்லை. பாகங்கள் கொழும்பில் கையிருப்பில் உண்டா, தருவிக்க வேண்டுமா? இதே மெஷின் ஓட்டும் இரண்டு கடைகளின் விலாசத்தைக் கேட்டு வாங்கி, நேரில் போய், கடைசியாக மெஷின் நின்றபோது எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று விசாரியுங்கள்.

மாதச் செலவைத் தாளுக்குப் பிரித்துப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். லீசிங், வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் சேர்ந்து 450,000 ரூபா என்று உதாரணத்துக்கு வையுங்கள். மாதம் 15,000 தாள் ஓடினால் தாளுக்கு 30 ரூபா, 5,000தான் ஓடினால் 90. பிரிண்ட் கட்டணமும் தாள் விலையும் இதற்கு மேலே. படி 1இல் எழுதிய கொப்பியில் 5,000 தாளுக்குத்தான் வேலை இருந்தால் மெஷினை இன்னும் எடுக்காதீர்கள், கட்டரோடு தொடருங்கள்.

மெஷின் வந்த முதல் மாதம்

தினமும் காலையில் அறை ஈரப்பதன் 60க்குக் கீழே வந்தபின் நிறச் சீராக்கம் செய்யுங்கள், அதற்கு முன் அல்ல. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து, சிக்கிய ஒவ்வொரு தாளுக்கும் திகதி, நேரம், தாளின் பெயரும் தடிப்பும், எந்த ட்ரே, எந்த இடத்தில் சிக்கியது, ஈரமானி காட்டிய அளவு ஆகியவற்றை எழுதுங்கள். ஒரே இடத்தில் எல்லாத் தாளும் சிக்கினால் ரோலர். ஒரே தாள் எல்லா இடத்திலும் சிக்கினால் தாள். காலையில் மட்டும் சிக்கினால் ஈரம். மெக்கானிக் வரும்போது அந்தக் கொப்பியைக் கையில் கொடுங்கள்.

கல்வெட்டுக்கும் மலருக்கும் பக்க அமைப்புச் செய்யும்போது எழுத்தை வெட்டு விளிம்பிலிருந்து பத்து மில்லிமீற்றர் உள்ளே தள்ளி வையுங்கள். 100 ஜீஎஸ்எம் தாளில் எட்டு விரிதாள் ஒன்றுக்குள் ஒன்று மடியும்போது நடுப்பக்கம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வெளியே தள்ளும், அது வெட்டில் போகும். பின்னட்டையில் அச்சகத்தின் பெயருக்கும் இடத்துக்கும் ஒரு வரி விடுங்கள். புத்தகத்தில் அச்சிட்டவரின் பெயர் இருக்க வேண்டும் என்பது 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. அடுத்த கல்வெட்டுக்காரர் உங்களைத் தேடி வருவதும் அந்த வரியைப் பார்த்துத்தான்.